சேர்ந்து எடுத்த போட்டோ

ஜூலை 8, செவ்வாய்

அரசு வீட்டுத் திட்டத்தில் எனக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் மைசூர் ஆபீசுக்கு நேரில் வந்து, சேர்ந்து போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்னைப் பிரிந்து மூன்று வருடமாகக் கொள்ளேகாலில் இருக்கும் அவரை போனில் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார்.

போட்டோ எடுப்பவர், இன்னும் ஒட்டி நில்லுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். என் கணவரின் தோள் என் தோளில் பட்டது. போட்டோ எடுத்த பிறகும் நான் நகரவில்லை.

வெளியே வந்ததும், "எத்தனை ரூமு?" என்று கேட்டார்.

"ஒண்ணுதானுங்க. ஆனா நல்லா காத்து வரும்."

பஸ் ஏறும்போது, "சாமான் ஏத்துற அன்னைக்குச் சொல்லு, வர்றேன்" என்றார்.

என்னிடம் இருப்பது ஓர் அடுப்பும் நாலைந்து பாத்திரமும்தான்.

"நிறைய சாமான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.