ஏழாம் வளைவில் அலை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. போடிமெட்டு ரோட்டுச் சோதனை அறிக்கை பாக்கி. சுத்தியலால் ரோட்டைத் தட்டினால் அதிர்வலையின் வேகத்தைக் கருவி சொல்லும். அதே அலையைக் கம்ப்யூட்டரிலும் ஓட்டி ஒப்பிட்டால் அடியில் இருப்பது தெரியும், தோண்ட வேண்டாம்.

ஏழாம் வளைவு மட்டும் ஒத்துவரவில்லை. கருப்பசாமி கோயில் ஓரம். எல்லா ஜீப்பும் இன்ஜினை அணைக்காமல் நின்று திருநீறு வாங்கும் இடம். அந்த உறுமல்தான் அளவைக் கெடுத்தது என்று போன வாரமே ஒதுக்கிவிட்டேன். ரோடு கல் மாதிரி என்று தம்பி செல்வத்திடமும் சொல்லியாயிற்று. ஏலத்தோட்டத்துப் பெண்களைத் தினமும் ஜீப்பில் ஏற்றிப்போகிறவன்.

மாலை: சும்மா பார்ப்போமே என்று, கம்ப்யூட்டர் மாடலில் அந்த வளைவுக்கு அடியில் ஒரு பொந்து வைத்து ஓட்டினேன். அளந்த கோடும் மாடல் கோடும் ஒன்றின் மேல் ஒன்று. அப்படியானால் அடியில் பொந்துதான்.

நவ. 5, புதன்

மழை இல்லை. கருவியோடு ஏழாம் வளைவு. நின்ற ஜீப்புகளை அணைக்கச் சொல்லித் தட்டினேன். அதே அலை. உறுமல் மேல் வீண்பழி.

பூசாரி: "என்ன ஆத்தா, மொகம் வெளுத்துப்போச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். என் தப்பு வெளியே தெரிந்துவிடுமே.

நெடுஞ்சாலை அதிகாரிக்குப் போன். "நாளைக்கு ஒம்போது மணிக்கு வர்றேம்மா. தொளை போட்டுப் பாத்து அடைச்சிருவோம்." ஒன்பது! ஜீப்பு கிளம்புவது ஆறுக்கு.

வாங்க வேண்டியது: பேட்டரி, தைலம்.

சாயங்காலம் செல்வத்திடம் எல்லாம் சொன்னேன். நாளை ஒரு நாள் போகாதடா.

"நீதானக்கா சொன்ன, ரோடு கல்லு கணக்கா இருக்குன்னு?"

"அந்த வளைவுல நிக்காமயாச்சும் போடா."

"சாமிகிட்ட நிக்காமப் போனா ஒரு பொம்பள வண்டியில உக்கார மாட்டா."

பதினாலு பேர். பொந்துக்கு நேர் மேலே. அவன் தூங்கியதும் ஜீப்புச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

நவ. 6, வியாழன்

மறுபடி மழை, நல்ல மழை.

5.30. சாவியைத் தேடுகிறான். தேடட்டும். தூங்குவதுபோல் கிடக்கிறேன்.

5.50. போய்விட்டான். சாவி இல்லாமலே ஒயரை முறுக்கிக் கிளப்பியிருக்கிறான். எத்தனை தடவை இதற்காகத் திட்டியிருக்கிறேன், எப்படி மறந்தேன்? பாவி நான். போன் எடுக்கவில்லை.

6.15. பஸ்சில். பூசாரி போனும் கிடைக்கவில்லை. பயமாக இருக்கிறது. கருப்பா.

6.40. பூசாரி கிடைத்தார். ஐயா, செல்வம் ஜீப்ப நிக்க விடாதீங்க, வெரசா போகச் சொல்லுங்க என்று கத்தினேன். பஸ்சே திரும்பிப் பார்த்தது.

"இந்தா நின்னுருச்சே ஆத்தா. திருநீறுதான் வாங்குறாக."

லைன் போய்விட்டது. மறுபடி போன் அடிக்கிறேன். அடிக்கிறேன்