மேரிபரோவில் இறங்கிய பெண்

மார்ச் 4, செவ்வாய்

பிரிஸ்பேனில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பண்டபெர்க் பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் ஒரு கிழக்குத் திமோர் நாட்டுப் பெண். நெஞ்சில் கைவைத்து "தொமிங்காஸ்" என்றாள். நான் "நோரீன்" என்றேன். அதற்குமேல் எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வழியெல்லாம் பேசினோம்! ஆரஞ்சு உரித்துப் பாதி தந்தாள். கணவன் படத்தைக் காட்டி, தன் காலைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். எல்லாவற்றுக்குமே தலையாட்டினேன்.

மேரிபரோவில் பஸ் நின்றதும் ஜன்னலைக் காட்டி ஏதோ கேட்டாள். ஊர் அழகாக இருக்கிறது என்கிறாளாக்கும் என்று பலமாக ஆட்டினேன். என்னைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சில்டர்ஸ் வந்ததும் டிரைவர் டெஸ் கேட்டார்: "ஏம்மா நோரீன், உன் பக்கத்துல இருந்த பொண்ணு எங்க? அதுக்குப் பண்டபெர்க் டிக்கெட்டாச்சே!"

"எனக்கென்ன தெரியும்? அதுவா இறங்கிப் போச்சு."

அதுவா! 'இதுதான் பண்டபெர்க்கா' என்றல்லவா கேட்டிருக்கிறாள், நானும் ஆட்டியிருக்கிறேன்.

மார்ச் 5

பண்டபெர்க் நிலையத்தில் இன்றைய பஸ்ஸுக்குப் போய் நின்றேன். இறங்கினாள். நேற்றைய அதே சட்டை. இரவு முழுக்க மேரிபரோ பஸ் நிலையத்திலேயே இருந்தாளாம், டெஸ் சொன்னார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த தாளில் ஆஸ்பத்திரி முகவரி. காரில் கூட்டிப் போனேன்.

கணவனுக்கு, வேலை செய்த தோட்டத்தில் டிராக்டர் ஏறி நசுங்கிய கால். நர்ஸ் சொன்னாள்: "நேத்து சாயந்திரம் காலை எடுத்துட்டோம். மயக்க மருந்து குடுக்கிற வரைக்கும் 'அவ வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

மார்ச் 6

காரில் கொண்டுவிட்டதற்காக நேற்று என் கையில் முத்தமிட்டாளே. எனக்கா? எனக்கு எதுக்கு?

மார்ச் 9, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிப் போனில் மொழிபெயர்ப்பாளர் வழியாக. புரியாமல் தலையாட்டியதை, டெஸ்ஸிடம் பொய் சொன்னதை, எல்லாம். தொமிங்காஸ் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரே வாக்கியம்.

"'புரியலைன்னு கையால காட்டியிருக்கலாமே'ன்னு கேக்கறாங்க" என்றது போன்.

காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை? அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அது நின்றுவிடக் கூடாது என்றிருந்தது — அவ்வளவுதான். கேவலம்.

மார்ச் 12

பூசணி சூப்பை வார்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நேற்றும் அப்படித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

சூப்பை வைத்துவிட்டுத் திரும்பும்போது தொமிங்காஸ் வெளியே வந்தாள். வேகமாக ஏதோ கேட்டாள். என் தலை தானாக ஆடப் பார்த்தது. நிறுத்தினேன். கையை விரித்து, "புரியலைம்மா" என்றேன்.

மறுபடி சொன்னாள். புரியவில்லை என்று மறுபடி கையை விரித்தேன்.

மூன்றாம் முறை வாயால் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், கணவன் கட்டிலருகே நாற்காலியைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன்.