லிஃப்டர் சத்தம்: நீர்க்குழாய் நிலையத்துப் பதிவுகள்

நாள் 611, 06.40
பதினான்கு மாதமாக இந்த எஞ்சினுக்கு ஆயில் மாற்றவில்லை. எனக்கு முன் இங்கே இருந்த தேன்மொழியும் அவள் ஆட்களும் செய்த துரோகம் இது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.
வால்வைத் தூக்கிவிடும் லிஃப்டர்கள் தட்டுகின்றன. ஆயில் அழுத்தம் பாதி. மூடியைத் திறந்தேன், உள்ளே பழைய ஆயில் இறுகிய கறுப்புக் களி. செவ்வாயின் பனியை உருக்கி, முகாமில் நாற்பத்தாறு பேருக்குத் தண்ணீர் அனுப்புவது இந்த ஓர் எஞ்சின்தான். இங்கே நான் ஒருவன். மாசிலாமணி, வயது அறுபத்தெட்டு, பட்டம் கிடையாது.

நாள் 611, 09.15
தேன்மொழி முகாமிலிருந்து பேசினாள். இப்போது தலைமைப் பொறியாளர்.
"பதிவேட்டைப் பாருங்க மேஸ்திரி. மாசாமாசம் 'ஆயில் போட்டாச்சு'ன்னு இருக்கும்."
"போட்டாச்சுன்னா? பழசை இறக்கிட்டுப் புதுசா?"
"குறைஞ்ச அளவுக்கு ஊத்தினோம். அதுவும் போட்டதுதானே?"
பதிவேட்டின் அந்தச் சொல்லை நம்பி, இங்கே வந்த நாற்பது நாளும் நானும் மூடியைத் திறக்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

நாள் 612, 11.30
எட்டு லிஃப்டரும் தட்டுகின்றன. அழுத்தம் கால்வாசி. இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் பேரிங் போய்விடும். தேன்மொழி மறுபடி பேசினாள்.
"கழுவுற திரவத்தை ஊத்தி ஓட்டுங்க மேஸ்திரி. எஞ்சின் நின்னா குழாய் உறைஞ்சிரும்."
"ஊத்தினா களி மொத்தமாப் பேர்ந்து ஆயில் சல்லடையை அடைக்கும். எதுல படிச்சே இதை?"
"நீங்க எதுல படிச்சீங்க?"
"கை சுட்டுப் படிச்சேன்."
"இருங்க, வண்டி அனுப்புறேன்."
வண்டி வர ஒன்பது மணி நேரம். நிறுத்திவிட்டேன். எஞ்சினும் நானும் இருக்கும் இந்த அறைக்குக் காற்றும் சூடும் தரும் பேட்டரியைக் குழாய்ச் சூடாக்கிக்கு மாற்றினேன். ஆறு மணி நேரம் தாங்கும். விண்வெளி உடுப்பில் வேலை.

நாள் 612, 16.50
எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை, சம்பை, இறக்கினேன். சல்லடை முக்கால்வாசி அடைப்பு, கரண்டியால் வழித்தேன். ஆயில் துவாரங்களில் கம்பி விட்டேன். இறுகிக் கிடந்த இரண்டு லிஃப்டர்களைக் கழற்றிக் கழுவினேன். புது ஃபில்டர், புது ஆயில். ஓடுகிறது. அழுத்தம் ஏறுகிறது. தட்டல் இன்னும் போகவில்லை. ஆயில் மேலே ஏறும்வரை பொறுக்க வேண்டும்.

நாள் 612, 17.20
தட்டல் நின்றது. சிரித்துவிட்டேன்.
பிறகுதான் கவனித்தேன், எஞ்சின் சத்தமே இல்லை. குளிரில் கதவின் காற்றடைப்பு ரப்பர் வெடித்து, அறைக் காற்று முழுவதும் வெளியே போயிருக்கிறது; சத்தத்தைச் சுமக்கக் காற்றில்லை. எஞ்சினுக்குத் தனி ஆக்ஸிஜன் உண்டு. அந்த இணைப்பு என் உடுப்பில் பொருந்தாது. மூடிமேல் கையுறையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு சீராக இருக்கிறது. லிஃப்டர்கள் தட்டவில்லை.
உடுப்பில் நாற்பது நிமிடக் காற்று.

நாள் 612, 17.52
"மேஸ்திரி, வண்டி பாதி வழி தாண்டிருச்சு. பேசுங்க. மேஸ்திரி?"
பேசினால் மூச்சு செலவாகும். செய்ய வேண்டியவை:
ஐம்பது மணி நேரம் ஓடியதும் இந்த ஆயிலையும் இறக்க வேண்டும். மிச்சக் களி அதில் வரும். தேன்மொழி, தன் கையால்.
சல்லடையை மறுபடி கழற்ற வேண்டும். அவளே.
கதவு ரப்பர், வண்டியில் வருகிறவர்கள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். தாண்டிப் போய் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள்.
தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று எனக்குச் சொல்ல வேண்டும். யாராவ