ஏழு கடை வாசலிலும் ஒரே தாடி

டிங்காரா
ஏப்ரல் 17, 1988

அன்பு மகள் கிளெனிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, கடை, நாய் எல்லோரும் சுகம், நாய்தான் கொஞ்சம் கூடுதல் சுகம், கறிக்கடை நாய் இல்லையா. அங்கே அபர்டீனில் நீயும் மாப்பிள்ளை ஃபெர்கஸும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும். சுகம், சுகம், சுகம் என்று போன ஞாயிறு போனில் மூன்று தடவை சொன்னாய், ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கால் வீங்குகிறதா என்று கேட்டதற்கு அங்கே மழை பெய்கிறது என்று பதில் சொன்னாய். உன்னைப் பெற்றவளுக்கு இதெல்லாம் புரியாதா, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு மீதியைப் படி.

போனில் நீ சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். ஆண் பிள்ளையானால் எனோக் என்று பெயர் வைக்கப் போகிறோம், நம் கடைப் படத்தில் நிற்கிற எள்ளுத்தாத்தாவின் பெயர், அந்தப் படத்தையே தொட்டிலுக்கு மேலே மாட்டப் போகிறோம் என்றாய். பக்கத்தில் நின்று கேட்ட உன் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் கண்ணே, பெயரைப் பதிய அவசரப்படாதே, தொட்டிலுக்கு மேலே ஆணியும் அடிக்காதே. அந்த ஆளின் மேல் எனக்குச் சந்தேகம் வந்து முற்றி, இப்போது காய்த்துப் பழுத்தும் விட்டது.

கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தப் பழுப்புப் படம் உனக்குத் தெரியும். நம் கறிக்கடை, பலகையில் நம் குடும்பப் பெயர் நான்கர்விஸ் என்று பெரிய எழுத்து, முன்னால் நெஞ்சுவரை தாடியும் இரண்டு பக்கமும் ஜன்னல் கதவு மாதிரி திறந்த காதுகளுமாக ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே உன் அப்பா என்னை அதன் முன்னால் நிறுத்தி, "பாரு நோரீன், அந்த வெரல பாரு. ரத்தம் ஊறிப்போன கை. ஒழைச்ச கை" என்றார். ரத்தம் அவ்வளவு கறுப்பாகவா இருக்கும் என்று அன்றைக்கே தோன்றியது, புதுப்பெண் என்று வாயை மூடிக்கொண்டேன், அதற்கப்புறம் வாயை மூடியதாக ஞாபகமில்லை. இந்த வருஷம், நம் வெள்ளைக்கார ஆட்கள் கப்பலில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய இருநூற்றாண்டு விழா ஊர்வலத்தில் எனோக் தாத்தாவாகவே நடக்கப் போகிறேன் என்று உன் அப்பா ஜனவரியிலிருந்து தாடி வேறு வளர்த்தார். சூப் வைக்கிற நாட்களில் நான் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

விழாவுக்காக ஊர் மண்டபத்தில் பழைய படங்களின் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து ஆனெட் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், சின்ன வயசு, பெரிய கண்ணாடி. யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டில் ஜன்னலுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த கண்ணாடித் தகடுகளைக் கண்டுபிடித்தாளாம், எல்லாம் நம் ஊர்ப் படம், 1872ஆம் வருஷத்தில் ஊர் ஊராக வண்டியில் போன ஒரு படக்காரன் எடுத்தது. அவற்றைக் கதவு அளவுக்குப் பெரிசாக்கி வரிசையாக மாட்டியிருக்கிறாள். திறப்பு விழாவுக்கு நான் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், எதிரே பெட்ரோல் பங்க் மெர்வ் பாஸ்கோ அதே மாதிரி தாடியோடு நிற்கிறார். பக்கத்தில் பப் வைத்திருக்கும் வால்மாயின் புருஷன், அவரும் அதே தாடி. மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். கறிக்கடை வாசலில் அந்த ஆள். பப் வாசலிலும் அதே ஆள். இப்போது பெட்ரோல் பங்காகிவிட்ட கொல்லன் பட்டறை வாசலிலும் அவரேதான். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, சேணக்கடை, சவப்பெட்டிக்கடை என்று மொத்தம் ஏழு வாசலில், அதே தாடி, அதே காது, அதே கறுப்பு விரல். வால்மாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டி நோரீன், எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா உங்க கறிக்கடை வாசல்ல எதுக்குடி நிக்கிறாரு?" என்றாள். "உங்க சரக்க குடிச்சிட்டு வழி தெரியாம வந்திருப்பாரு" என்றேன். விரல் கறுப்பு பீப்பாய்க்குத் தார் பூசியதால் வந்தது என்று அவர்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். மெர்வ் வீட்டில் அது உலைக்கரி. நம் வீட்டில் ரத்தம்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஒரே ஆள் ஏழு வீட்டு வாசலிலும் அவ்வளவு உரிமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் வாசலோடு நின்றிருப்பானா என்று என் புத்தி போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு நடுவே நான் காது எண்ணினேன் என்று சொன்னால் சிரிக்காதே. மெர்வுக்குக் கொஞ்சம் திறந்த காது. மருந்துக்கடைக்காரருக்கு நல்ல திறப்பு. உன் அப்பாவின் காதையும் பக்கவாட்டில் பார்த்தேன், "என்ன, அழுக்கா?" என்று துடைத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் பாதிப் பேருக்குச் சொந்தம் என்று மனசுக்குள் ஒரு பெரிய பந்தலே போட்டுவிட்டேன், பத்தாம் வகுப்பில் நீ மெர்வ் மகனோடு ஆற்றங்கரைக்குப் போனதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தபால் நிலையத்து லோர்னாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவளுடைய ஆட்கள் நம் ஆட்கள் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலிருந்து இதே ஆற்றங்கரையில் இருப்பவர்கள், விழா ஊர்வலத்துக்கு வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், கண்காட்சியை மட்டும் வந்து பார்த்திருக்கிறாள். தபால்தலையை நாக்கில் தடவிக்கொண்டே, "உங்க ஆளு ஒருத்தன் ஏழு வாசல்ல நிக்கிறான், அவனுக்கு ஏழு பேரு வச்சிருக்கீங்க. கடைசிப் படத்துல ஆத்தோரம் எங்க ஆளுங்க ஏழு பேரு நிக்கிறாங்க, ஒருத்தர் பேரும் போடல. நீ வந்து எங்கிட்ட அழுவுற" என்றாள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஏழில் மூன்று பேர் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனெட் அப்போதே அட்டையில் எழுதி மாட்டினாள். இத்தனை நாள் யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான், நானும்தான்.

அன்றைக்கு ஆனெட்டுக்குக் கொடுக்க லாமிங்டன் கேக் கொண்டுபோயிருந்தேன். சும்மா கொடுக்கவில்லை, வாயைக் கிளறத்தான். அவள் கையை நீட்டினாள், விரல் நுனியெல்லாம் கறுப்பு. நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "இது என்னம்மா, நீயும் கறி வெட்டுறியா, இல்ல தார் பூசுறியா?" என்றேன். அவள் சிரித்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பழைய முறையில படம் எடுத்துக் காட்டினேங்க. கண்ணாடிய நனைக்கிற வெள்ளி மருந்து, கையில பட்டா வெயில்ல கறுத்துடும். சோப்புப் போட்டாலும் போகாது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கேக் தட்டு யார் கையில் இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. ரத்தமும் இல்லை, தாரும் இல்லை, கரியும் இல்லை. அந்த ஆள் படக்காரனின் எடுபிடி, கண்ணாடி நனைத்துக் கொடுக்கிறவன். வாசலில் ஆள் இல்லாத கடைப் படத்தைக் கடைக்காரன் வாங்கமாட்டான், அதனால் கடைக்காரன் இல்லாத இடத்திலெல்லாம் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். கிளெனிஸ், நாம் நூறு வருஷத்துக்கு மேலாக முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கிறிஸ்துமஸ் தோறும் தூசி தட்டி மாலை போட்டிருக்கிறோம்.

அப்படியானால் கடைக்காரர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கு அடுத்த சந்தேகம். படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெருவில் ஒரு குதிரை இல்லை, ஒரு புகைக்கூண்டிலும் புகை இல்லை, சர்ச்சுக்குப் பாதிக் கூரை போட்டிருக்கிறது, சாரத்தில் ஆள் இல்லை. உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். வருஷா வருஷம் நாம் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டப்பந்தயம் வைக்கிறோமே, எதற்கு? பக்கத்து ஓடையில் தங்கம் கிடைக்கிறது என்று எவனோ புளுக, சர்ச் கூரையைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஆண்கள் மொத்தமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, பத்து நாள் கழித்துச் சேறோடு திரும்பி வந்த அந்தக் கூத்துக்குத்தானே. படக்காரன் வந்தது அந்தப் பத்து நாளில்தான். உன் எள்ளுத்தாத்தா எனோக் படத்திலேயே இல்லை, கடையை விட்டுவிட்டு ஓடையில் மண் சலித்துக்கொண்டிருந்தார்.

உன் அப்பாவைக் கூட்டிப்போய் கதவு அளவுப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். தாடியைத் தடவிக்கொண்டே, "சரி, அப்ப கடைய யாரு பாத்துக்கிட்டா?" என்றார். முப்பது வருஷத்தில் இவர் கேட்ட நல்ல கேள்வி இதுதான். நம் சின்னப் படத்தில் வாசலுக்கு இடது பக்கம் வெறும் இருட்டாக இருக்கும். பெரிசாக்கியதில் அந்த இருட்டுக்குள் வெள்ளையாக ஒரு பெண் உருவம், மேலங்கி தெரிகிறது, முகம் கலங்கியிருக்கிறது, வலது கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. அந்தக் காலத்துப் படத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும், அவள் நிற்கவில்லை, கறி வெட்டுகிற வேலை இருந்திருக்கிறது. அவள் கலங்கியிருக்கிறாள், அவளுக்கு முன்னால் இருக்கும் கறி வெட்டுகிற கட்டை மட்டும் நேற்று எடுத்தது மாதிரி தெளிவாக இருக்கிறது. இரும்புப் பட்டை, ஓரத்தில் நாக்கு மாதிரி விரிசல். நம் கட்டை. சுகாதார அதிகாரி வேண்டாம் என்று சொன்னதிலிருந்து நாம் மேலே ரேடியோ வைத்திருக்கிறோமே, அதே கட்டை. உன் அப்பாவும் அவர் அப்பாவும் தாம்சின் மேல வை, தாம்சினைத் துடை என்று ஆள் பெயர் மாதிரி சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் தெரியாது, அதன் பெயர் அதுதான் என்பார்கள்.

நான் வாளியும் தேய்க்கிற பிரஷும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எனோக் பெயர் பெரிசாக இருக்கிறது, கீழே உழைப்பாளி, உத்தமர் என்று இரண்டு வரி, அதற்குக் கீழே முழுக்கப் பாசி. முழங்கால் கெஞ்சக் கெஞ்சத் தேய்த்தேன். அவர் மனைவி தாம்சின் என்று இருக்கிறது. உத்தமி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா நேரே கடைக்குள் போய் ரேடியோவைக் கட்டையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார், ஈரத்துணியால் கட்டையைத் துடைத்தார், குளியலறைக்குப் போய்த் தாடியை எடுத்துவிட்டு வந்தார். முகம் மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி வெள்ளை, தோல் உரித்த முயல் மாதிரி இருந்தது, நான் சிரிக்கவில்லை என்றால் நீ நம்பமாட்டாய். அடுத்த மாதம் வண்டிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "இந்தத் தடவ நீ ஓடு நோரீன், கடைய நான் பாத்துக்கறேன்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு வண்டி தள்ளப் போகிறேன், வால்மாயும் ஓடுகிறாளாம், கடைசியாக வரமாட்டேன் என்று ஒரு தைரியம். உன் அப்பா இவ்வளவு சுலபமாக ஏன் விட்டுக்கொடுத்தார் என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

பெயரை வைக்கப் போவது நீங்கள், நான் தலையிடமாட்டேன். எனோக்கும் கெட்டவரில்லை, திரும்பி வந்தாரே. ஆனால் பெண் பிள்ளையானால் என்ன பெயர் என்று நீ இதுவரை சொல்லவே இல்லை, அதற்கு ஒரு பெயர் இங்கே கடையில் காத்துக்கொண்டிருக்கிறது. பெரிய படத்திலிருந்து அந்த மூலையை மட்டும் ஆனெட் தனியாக எடுத்துக் கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். முகம் தெரியவில்லையே என்று ஃபெர்கஸ் கேட்டால் கையைப் பார்க்கச் சொல். கடவுள் உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாக இரண்டு உயிராக்கித் தரட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசி. கம்பளிக் காலுறை தனிப் பார்சலில் வருகிறது. கால் வீக்கத்தைப் பற்றி மழையை இழுக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
நோரீன் நான்கர்விஸ்
(உன் அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார், கட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருப்பதால் கையெழுத்துப் போட முடியவில்லை)