பெண் பார்க்க வந்த அன்று கேட்ட குரல்

சமையலறையில் இருந்தபோது கூடத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், என் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. "பயமா இருக்குதும்மா" என்றாள். நிறுத்தட்டுமா என்றேன். "ஐயோ, வேண்டாம்!" என்றாள். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதிலிருந்து என் சிநேகிதி நீ; நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இதையெல்லாம் இனி யாரிடம் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பள்ளிபாளையத்தில் உங்கள் வீட்டில்தான் நாம் பேய்ப்படங்கள் பார்த்தோம். பக்கத்துக் கொட்டகையில் உங்கள் விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. பேய் வாயைத் திறக்கும், மூடும்; அது என்ன கேட்கிறது என்று நாமே ஊகித்துக்கொள்வோம். மின்சாரம் போனால் தறியும் படமும் ஒன்றாக நிற்கும். எனக்கு அந்த அமைதியில்தான் அதிகப் பயம். நீ சிரிப்பாய்.

நீ வயதுக்கு வந்தபோது தனியாக உட்கார வைத்திருந்தார்கள். பார்க்க வந்த என் காதில் சொன்னாய்: "படத்துல வராப்பலயே இருக்குது புள்ள. என் ஒடம்புக்குள்ள வேற யாரோ வந்து குடியிருக்கறாங்க." வெளியே சொந்தக்காரர்கள் சீர்த்தட்டுகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று நம் இருவருக்குமே விளங்கவில்லை.

பிளஸ் டூ முடித்த கோடையில் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்லூரிக்குப் போகிறேன் என்று நீ சொல்லிப் பார்த்திருந்தாய். யாரும் காதில் வாங்கவில்லை. உனக்குப் பூ வைத்துவிட வந்த நான் கதவோரம் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அன்பாகத்தான் கேட்டார்: "ஏஞ்சாமி, சமைக்கத் தெரியுமா?" நீ காப்பித் தட்டைத் தரையில் வைத்தாய். பின்னலை அவிழ்த்தாய். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல்.

"நான் எங்கயும் வரமாட்டேன்."

வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். உன் அம்மா உன் காலில் விழுந்தார். "யாருங்க சாமி நீங்க? எம்புள்ளய உட்டுருங்க." பெற்ற மகளை 'நீங்க' என்று அவர் கும்பிட்டதை என்னால் பார்க்க முடியவில்லை.

வேப்பிலை, திருநீறு எல்லாம் நடந்தது. ஒரு வருடம் கல்யாணப் பேச்சே கூடாது என்றார் பூசாரி. நீ ஈரோட்டில் கல்லூரியில் சேர்ந்தாய். ஒருநாள் உன்னோடு பேருந்தில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கேட்டேன்: "நடிச்சதானே?"

நீ காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நடிக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன் புள்ள. அப்பறம் அது எங்குரலாட்டமே இல்ல. எனக்கே பயமாப் போச்சு."

பிறகு வேலைக்குப் போனாய், பிடித்தவரைக் கட்டிக்கொண்டாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழவேயில்லை. அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவும் இல்லை. அந்தப் படங்களில் வந்தது பேய்தானா, வளரும் பெண்ணைப் பார்த்து வீடு கொள்ளும் பயமா, அவளுக்கே தன்மேல் வரும் பயமா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே என் மாமனார் சொன்னார்: "புள்ள பெருசாகுது. இனிக் கபடிக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்." சரிங்க மாமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடித்தொண்டையிலிருந்து வேறொன்று வந்தது.

"அவ போவா."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அது உன் குரலா, என்னுடையதா, தெரியவில்லை. மறுநாள் மாலை அவள் கபடிக்குப் போனாள். நான் தொண்டையைத் தொட்டுப் பார்த்தபடி வாசலில் நின்றேன்.