நீலக் கிண்ணத்தில் திருகாணிகள்

அக்டோபர் 14, செவ்வாய்

ஜுல்ஃபியா அக்கா,

தவறு என்னுடையதுதான். உன் லேப்டாப் மூடியில் இருந்த பெயரை மட்டும் பார்த்து, கோப்புகளைச் சேமிக்கும் புது எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டேன். அடியில் இருந்த மாடல் எண்ணைப் பார்க்கவில்லை. பழையதன் இணைப்பு முனையில் இரண்டு வெட்டு, இதில் ஒன்றுதான், பொருந்தவில்லை. அழுத்தாமல் பழையதையே மாட்டிவிட்டேன். உன் பூவேலைப் படங்கள் எல்லாம் அதில்தானே? ஆன் செய்து பார்க்கத் தனியாகத் துணிவில்லை.

"ரெண்டு மாசம் சாயங்கால ரிப்பேர் வகுப்புக்குப் போனதும் இஞ்சினியர் ஆயிட்டியாடா?" என்று காலையில் கேட்டாய். உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது உறுத்துகிறது.

பலாவ் சோறு அடுப்பின் மேல் இருக்கிறது.

பி.கு.: நீலக் கிண்ணத்தில் லேப்டாப்பின் திருகாணிகள். நம் வழக்கப்படி தேநீரைக் கிண்ணத்தில் மூன்று முறை ஊற்றித் திரும்பக் கெண்டியில் கவிழ்க்கும்போது அவற்றையும் கவிழ்த்துவிடாதே.

நாளை: முதலில் படங்களை நகலெடுக்க வேண்டும். பிறகு மாடல் எண்ணோடு கடைக்கு. நீயும் வா.

ஜாஸூர்