காது குத்தாத பிள்ளை

அக்கா,

இன்று காலை மருமகள் ஆட்டுப்பால் காய்ச்சினாள். பேரனுக்குச் சளி, யாரோ சொல்லியிருக்கிறார்கள். பால் பொங்கும்போது அந்த ஆட்டு வாடை கூடம் வரைக்கும் வந்தது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். என்ன அத்தை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அந்த வாடைக்குப் பின்னால் இருப்பதை அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்திதான்.

நாம் ஒன்றும் கூடிக் குலாவிய ஓரகத்திகள் இல்லை. அண்ணன் மனைவி நீங்கள், தம்பி மனைவி நான். நான் அரைத்த மிளகாய் திப்பியாக இருக்கிறது என்பீர்கள். நீங்கள் வைத்த குழம்பை நான் வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பேன். கலியாணமாகி எத்தனையோ வருஷமாக உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் வந்த மறு வருஷமே பெற்றுவிட்டேன். அது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளை தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். தண்ணீர் இறைக்கும்போது இருமினேன். கிணற்றடிக் கல்லில் ரத்தம் விழுந்தது. புதுக்கோட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உங்கள் கொழுந்தனாரிடம் பேசினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் முந்திரித் தோப்பில் ஆட்கள் கீற்றுக் கொட்டகை வேயத் தொடங்கியபோதுதான் எனக்கு வந்திருப்பது எலும்புருக்கி என்று விளங்கியது.

அந்தக் கொட்டகையில் ஒரு குறையும் இல்லை. காற்று வந்தது. ஆட்டுப்பாலும் முட்டையும் வந்தன. மனிதர்கள்தான் வரவில்லை. மாமியார் தட்டை வேலிக்குள் வைத்துவிட்டு, எட்டப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பார். எல்லாரும் இழவு வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசினார்கள். என் மனசு நோகும் என்று பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பகல் முழுக்கப் பேசாமல் கிடந்துவிட்டுச் சாயங்காலம் வாய் திறந்தால், என் குரலே வேறு யாருடையதோ போல இருக்கும்.

நீங்கள் மட்டும் மாறவே இல்லை. வேலியருகே நின்று வழக்கம்போல வைதீர்கள். பால் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது என்றும், நான் படுத்துக்கொண்டதால் இரண்டு பேர் வேலையும் உங்கள் தலையில் விழுந்தது என்றும் சத்தம் போட்டீர்கள். செவலைப் பசு உதைத்தது, மாமியார் கருப்பட்டியை ஒளித்து வைத்தது எல்லாம் கோபமாகவே என்னிடம் வந்து சேர்ந்தன. எனக்கு அப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை. ஆனால் சருகு மிதிபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பாலைக் கொட்டகைக்குப் பின்னால், மரத்தடியில் ஊற்றத் தொடங்கினேன். எறும்பு சாரை சாரையாகப் போவதைக் கண்டு பிடித்துவிட்டீர்கள். அன்றைக்கு வையவில்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். யாரும் வரக்கூடாது என்று டாக்டர் சொன்ன அந்தக் கொட்டகைக்குள், என் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள்.

“போயிரலாம்னு முடிவு பண்ணிட்டியா?”

நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“பயமா இருக்கா?”

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. நான் அழுத அழுகையில் இருமல் வந்து, மூச்சு முட்டி, நீங்கள் முதுகைப் பிடித்துக்கொண்டீர்கள். இருமல் அடங்கும்வரை கையை எடுக்கவே இல்லை.

“சரியாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா புள்ளைக்குக் காது குத்தணும்னு வீட்டுல பேச்செடுத்திருக்காக. எப்ப, எங்கன்னு நீதான் சொல்லணும். பெத்தவ நீ.”

அத்தனை மாதத்தில் என்னிடம் ஒருவர் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. விராலிமலையில், என் அண்ணன் மடியில் வைத்துக் குத்த வேண்டும் என்றேன். நான் எழுந்து வந்து பார்க்கும்போதுதான் குத்த வேண்டும் என்றும் சொன்னேன். சரி என்று எழுந்து போனீர்கள். அன்று சாயங்காலம் வந்த பாலைக் குடித்தேன்.

அந்த ஒரு சொல்லுக்காக நீங்கள் பட்ட பாட்டைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பெண்பிள்ளையை மூளிக்காதோடு வைத்திருக்கிறாள் என்று ஊரே பேசியது. மாமியார் ஆசாரியையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய், பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினீர்களாம்.

மழை விட்டதும் பிள்ளையை அதே கண்மாய்க் கரைக்கு அழைத்து வந்து, என் கண்ணில் படும்படி ஓட விட்டீர்கள். ஒருநாள் காற்று எங்கள் பக்கம் அடித்தது. அவள் ‘ஆத்தா’ என்று கூப்பிடுவது கேட்டது. கூப்பிட்டது உங்களை. நான் கீற்றுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் நீங்களே பேச்சை எடுத்தீர்கள். “கூப்பிடுறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல அவளுக்கு. நீ வந்து வாங்கிக்க” என்றீர்கள். எனக்குச் சமாதானமாகவில்லை. இருந்தாலும், மறைக்காமல் சொன்னது நல்லதாகப் பட்டது.

காய்ச்சல் எப்போது விட்டது என்று எனக்கே தெரியவில்லை. பிழைக்காதவர்கள் எத்தனையோ பேர். நான் ஏன் பிழைத்தேன் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்துப் பேசினார், வீட்டுக்குப் போகலாம் என்று.

விராலிமலையில் காது குத்தினோம். அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தவள் ஊசி இறங்கியதும் வீரிட்டாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். என்னைத் தள்ளிவிட்டு, ஆத்தா என்று கத்திக்கொண்டு உங்கள் மேல் பாய்ந்தாள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் விம்மியபோது, அவள் தலைக்கு மேலே நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

சில நாளில், உங்களைப் பெற்றவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மணமேல்குடிக்குப் புறப்பட்டீர்கள். பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்து வண்டி ஏறினீர்கள். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. பிள்ளை வாசலில் நின்று அழுதாள். பிறகு என் பக்கத்தில் நின்று அழுதாள். பிறகு என் மடியில் படுத்து அழுதாள். அந்தப் பக்கத்திலிருந்து கருவாடு விற்க வந்தவளிடம் விசாரித்தேன். உங்கள் தாயார் நன்றாக நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார் என்றாள்.

நீங்கள் திரும்பி வந்த அன்று பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீங்கள் சிரித்தீர்கள். வாங்கி வந்த பனங்கிழங்கை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொழுவத்துக்குப் போனீர்கள். ரொம்ப நேரமாகியும் வரவில்லை. நான் வந்து உங்கள் பக்கத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். கொட்டகையில் எனக்கு இருந்தது போன்ற ஒரு தனிமை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே உங்களுக்கு இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகும் நாம் சண்டை போட்டோம். ஆனால் சாயங்காலம் ஒருவரை ஒருவர் தேடுவோம்.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. அதனால் நோயாளி இருக்கிற வீடுகளுக்குப் போகிறேன். மேலத்தெருவில் தையற்காரர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். மகளுக்கு வரன் வந்திருப்பதை அவளிடம் மறைத்திருந்தார்கள். நேற்று அந்த வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைத்து, நானே சொன்னேன். மெல்லத் திரும்பினாள். தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாள். பையன் என்ன செய்கிறான், எந்தப் பக்கத்துக்காரர்கள், மாமியார்க்காரி எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். எனக்குத் தெரியாததற்கெல்லாம் என்னைக் கோபித்துக்கொண்டாள்.

“நல்லா வெசாரிச்சுட்டு நாளைக்கு வாங்க” என்றாள்.

விசாரித்துவிட்டேன், அக்கா. பையன் நல்லவன்தான், மாமியார்க்காரிதான் கொஞ்சம் வாய்க்காரி. அதையும் சொல்லத்தான் போகிறேன். வெயில் தாழ்ந்துவிட்டது. எழுந்து புறப்பட வேண்டும்.